சின்னப் பிள்ளைகளோடு கண்டி, நுவரெலியா: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்துக்கு வரும் குடும்பங்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகின்றன. பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கம்பளை, புசல்லாவை தாண்டி ரம்பொடை வளைவுகளில் வேன் ஏறத் தொடங்கினால் மொத்தப் பயணம் மூன்று மணி நேரம் ஆவது சர்வசாதாரணம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேல். அந்த ஏற்றத்தையும் திருப்பங்களையும் தாங்க வேண்டியது பிள்ளையின் வயிறுதான்.

"வழியில் பசிக்குமே" என்று வயிறு முட்டப் பால் கொடுத்து வண்டியில் ஏற்றாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன்பே இரண்டு இடியப்பமோ கொஞ்சம் பாணோ கொடுத்தால் போதும். அழாமல் வரட்டும் என்று கையில் போனைக் கொடுப்பதும் வேண்டாம். குனிந்து கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்குத்தான் முதலில் வாந்தி வரும். தலை நிமிர்ந்து முன்னால் பாதையைப் பார்க்கட்டும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மாற்று உடுப்பு, துவாய், இரண்டு மூன்று பொலித்தீன் பை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு உதவியும் இல்லை. மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், படம் எடுக்க வசதி என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே கூடாது.

காலையில் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகை, மதியம் பேராதனை, மாலையில் நுவரெலியா கிரகரி வாவி என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்குவது அடுத்த தவறு. பேராதனை தாவரவியல் பூங்கா மட்டுமே 147 ஏக்கர். மூன்று வயதுப் பிள்ளை அதில் கால்வாசி நடப்பதற்குள் தூக்கச் சொல்லும். காலையில் ஓர் இடம், மதியம் அறையில் தூக்கம், மாலையில் ஓடி விளையாட ஒரு திறந்தவெளி, இவ்வளவுதான் ஒரு நாளுக்குச் சரி. மாளிகைக்குக் காலை 9.30, மாலை 6.30 பூசை நேரங்களில் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் இடைப்பட்ட நேரத்தில் போங்கள். உச்சி வெயில் மட்டும் வேண்டாம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும், அந்த நேரத்தில் கல் சுடும். கண்டி பெரஹரா ஊர்வலத்தை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பார்க்க வராமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. இடம் பிடிக்கப் பல மணி நேரம் காத்திருந்து, பிறகு தீப்பந்தமும் பறைச்சத்தமும் நெரிசலும் சேர்ந்தால் பிள்ளை மிரண்டுவிடும்.

நுவரெலியாக் குளிரைப் பலர் ஒரு தடித்த ஸ்வெட்டரோடு முடித்துவிடப் பார்க்கிறார்கள். இங்கே பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கும், ஜனவரி, பிப்ரவரி விடியலில் சில நாள் புல்லில் உறைபனியே பூத்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடுப்புகளே தோது. காதுக்குத் தொப்பி, அறைக்குள்ளும் காலுறை. டைல்ஸ் தரை ஐஸ்போல இருக்கும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்தால் பிள்ளையின் கன்னம் கன்றிவிடும். அறை பதியும்போது சுடுதண்ணீர் எந்த நேரமும் வருமா, மேலதிகக் கம்பளி உண்டா என்று கேளுங்கள். குளிர் தாங்காமல் கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு உயிரையே பறிக்கும். ஏப்ரல் சீசனில் வாடகையும் வாகன நெரிசலும் உச்சத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வர அது ஏற்ற மாதமில்லை.

ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் எழுப்பி, ஒன்பது கிலோமீட்டரளவு நடத்தி, உலக முடிவுப் பாறையின் விளிம்பில் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. விக்டோரியா பூங்காவும் ஹக்கலப் பூந்தோட்டமும் போதும். ஹக்கலயில் குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களை நிறுத்தி வைத்து, பிள்ளையின் தலையில் கூடையை மாட்டிப் படம் பிடிப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அவர்கள் எடுக்கும் கொழுந்துக்கு நிறுவைக் கணக்கு உண்டு. நீங்கள் எடுக்கும் பத்து நிமிடம் அவர்களுடைய கூலி. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் மனிதர் குடியிருக்கும் வீடுகள்தான். கேட்டுவிட்டு, அவர்கள் வேலை முடிந்த பிறகு பேசுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையக ரயில் பாதையையும் வீதிகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்த பிறகே திட்டம் போடுங்கள். ஓடும் ரயிலின் வாசலுக்குப் பிள்ளையை விடவே வேண்டாம். இலவச அம்புலன்ஸுக்கு 1990. பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது. மழைக்காலத்தில் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். போகும் வழிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால், அறைக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.