டிராகன் மூச்சுக்கு ஒரு காலண்டர் அட்டை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, கட்டம் போட்ட வரைபடத்தில் காய் நகர்த்தி ஆடும் ஆட்டம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு ஆட்டத்தில் சிவப்பு டிராகன் நெருப்பை ஊதினாலே சண்டைதான். “நான் நெருப்புக்கு வெளியதானே நிக்கேன்!” என்று ஆளாளுக்குக் கத்துவார்கள்.

பழைய காலண்டர் அட்டையில் உயரமும் அடிப்பக்கமும் ஒரே அளவாக ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். 5-ஆம் பதிப்பு விதிப்படி, வளர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு 60 அடி பாயும் கூம்பு. வரைபடத்தில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடி என்றால், முக்கோணத்தின் உயரம் 12 அங்குலம். இளம் டிராகனுக்கு 6 போதும். முனையை டிராகன்மேல் வைத்தால் யார் வெந்தார்கள் என்பது தெரிந்துவிடும். நீல டிராகனின் மின்னல் நேர்கோடு. வளர்ந்ததற்கு 18 அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்தில் பட்டை வெட்டுங்கள்.

ஆட்டக் காய்களுக்கு, குலசேகரம் பக்கம் பொறுக்கிய ரப்பர் கொட்டை. புள்ளி புள்ளியாக டிராகன் முட்டை மாதிரியே இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், ரப்பர் கொட்டையைத் தின்னக் கூடாது.