ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் ஸ்பிரிட்டும்: மரபணு எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம்

மரபணு என்றதும் பலருக்குப் பள்ளிப் புத்தகத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஏணிப் படம்தான் ஞாபகம் வரும். அதை அழகாக வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். "அந்த ஏணி உடம்புக்குள் என்னதான் செய்கிறது?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். என் பதில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: டி.என்.ஏ. (அந்த ஏணியின் பெயர் இதுதான், மரபணு அதில் ஒரு பகுதி) தானாக எதையும் செய்வதில்லை. அது எழுத்து. செல் அதைப் படிக்கிறது. எந்தப் பகுதியை, எப்போது, எவ்வளவு படிக்கிறது என்பதைப் பொறுத்தே இலை இலையாக இருக்கிறது, காய் பழமாகிறது.

இதை வாழையை வைத்தே நான்கு கட்டமாகப் பார்த்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வாழைக்கு என்ன பஞ்சம்? நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டுக்குப் போனால் மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பேயன் என்று குலைகள் வரிசையாகக் கிடக்கும். நம் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. அதைப் போட்டுப் பிசைய எனக்கு மனம் வராது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, கடைக்காரர் விலையைக் குறைத்துத் தரும் பழம் எதுவானாலும் போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது. நன்றாகப் பழுத்ததில் செல்சுவர்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

தேவையானவை: கனிந்த வாழைப்பழம் ஒன்று, பாத்திரம் கழுவும் லிக்விட், உப்பு, தண்ணீர், டீ வடிகட்டி, பழைய வேட்டித் துணித் துண்டு, ஒடுக்கமான கண்ணாடி டம்ளர், ஈர்க்குச்சி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கொஞ்சம் ஐஸ். குளச்சல், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு ஐஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான்காம் கட்டத்துக்குப் பச்சையான ஏத்தங்காய் (நேந்திரங்காய்) இரண்டும் டிங்ச்சர் அயோடினும் வேண்டும். (ஸ்பிரிட்டுக்குப் பதில் மதுக்கடைச் சரக்கு ஆகாதா என்று யாராவது கேட்பார்கள். ஆகாது. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான்; இந்த வேலைக்குப் பத்தாது.)

முதல் கட்டம்: டி.என்.ஏ.வை வெளியே எடுப்பது

ஸ்பிரிட் பாட்டிலை இறுக மூடி, ஐஸ் போட்ட கிண்ணத்தில் இறக்கி வையுங்கள். நன்றாகக் குளிர வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். பிள்ளைகள் செய்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

பாதிப் பழத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டியில்லாமல் கையால் பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், நீண்ட இழைகள் அறுந்துபோகும். அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, இரண்டு டீஸ்பூன் லிக்விட் விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். இதைப் பிசைந்த பழத்தில் ஊற்றி, மெல்லப் புரட்டி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு வடிகட்டியின் மேல் துணியை விரித்து வடியுங்கள். அவசரப்பட்டுப் பிழியாதீர்கள், சக்கையும் சேர்ந்து இறங்கும்.

வடிந்த நீரை டம்ளரில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரைச் சாய்த்து, உள்பக்கச் சுவரோடு வழிகிற மாதிரி, குளிர்ந்த ஸ்பிரிட்டை அதைப்போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பிரிட் மேலே தனி அடுக்காக நிற்கும். ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால், கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்கும் சேருமிடத்தில் வெள்ளையாக, நூல் நூலாக ஏதோ திரண்டு மேலே ஏறும். ஈர்க்குச்சியை அதில் விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும்.

என்ன நடந்தது? செல் சவ்வும், டி.என்.ஏ.வை உள்ளே வைத்திருக்கும் உட்கருவின் சவ்வும் கொழுப்புச் சேர்மங்களால் ஆனவை. லிக்விட் அவற்றை உடைத்துவிட்டது. டி.என்.ஏ. இழையின் ஓரங்களில் உள்ள பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலிருக்கும் சோடியம் அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. டி.என்.ஏ. தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. அதனால் ஸ்பிரிட்டைச் சந்தித்ததும் திரண்டு வெளியே வருகிறது. குளிர்ச்சி எதற்கென்றால், செல் உடையும்போது டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளும் வெளியே வந்துவிடும். குளிரில் அவற்றின் வேகம் மட்டுப்படும்.

இந்த வெள்ளைத் திரளைக் காட்டி "இதோ சுத்தமான டி.என்.ஏ." என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. சுத்தம் என்பது மிகை. பழத்தின் செல்சுவரில் உள்ள பெக்டினும் ஆல்கஹாலில் திரளும், புரதமும், டி.என்.ஏ.விலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ.வும் கலந்திருக்கும். ஒரு டி.என்.ஏ. இரட்டை இழையின் தடிமன் இரண்டு நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. கணக்கற்ற இழைகள் பின்னிக்கொண்டதால்தான் ஏதோ தெரிகிறது. புரதத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமானால், வடித்த நீரில் ஸ்பிரிட் விடும் முன் ஒரு டீஸ்பூன் பச்சை அன்னாசிச் சாறு விட்டுச் சில நிமிடம் வையுங்கள். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தை அரித்துவிடும். இளம் ரப்பருக்கு ஊடே அன்னாசி போடும் ஊர் நம்முடையது, சாறுக்குக் குறைவில்லை.

1869-ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் பிரீட்ரிக் மீஷர் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளில் இருந்த சீழ். அதிலுள்ள வெள்ளணுக்களின் புரதத்தை, பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் அரித்துவிட்டு, மிஞ்சிய பொருளுக்கு நியூக்ளின் என்று பெயர் வைத்தார். அதன் இரட்டைச் சுருள் வடிவம் தெரிய 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாட்சனும் கிரிக்கும் அதை வெளியிட்டார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்ரே படங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இரண்டாம் கட்டம்: எழுத்தைப் படிப்பது

குச்சியில் ஒட்டிய அந்தக் கொழகொழப்புக்குள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கே எழுத்துகள். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருக்கும். ஜி இருந்தால் சி. இந்த ஒரு விதி போதும். ஒரு பேப்பரை எடுத்து இதை எழுதுங்கள்:

டி-ஏ-சி | சி-ஏ-சி | ஜி-டி-ஏ | ஜி-ஏ-சி | டி-ஜி-ஏ | ஜி-ஜி-ஏ | சி-டி-சி

இது கற்பனையாக எழுதியதில்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு, புரதத்தைச் சொல்லத் தொடங்கும் இடம். இங்கே தந்திருப்பது செல் படியெடுக்கும் இழை.

இப்போது அதன் கீழே ஜோடி எழுத்துகளை எழுதுங்கள். ஒரே மாற்றம்: ஆர்.என்.ஏ.வில் டி கிடையாது, அதற்குப் பதில் யூ, அதாவது யுராசில். கிடைக்க வேண்டியது:

ஏ-யூ-ஜி | ஜி-யூ-ஜி | சி-ஏ-யூ | சி-யூ-ஜி | ஏ-சி-யூ | சி-சி-யூ | ஜி-ஏ-ஜி

இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். கிடைத்தது தூது ஆர்.என்.ஏ. பத்திர ஆபீசில் மூலப் பதிவேடு வாசலைத் தாண்டாது, நமக்கு நகல்தான் தருவார்கள் இல்லையா? அப்படித்தான் டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளேயே இருக்கும், நகல் மட்டும் வெளியே போகும். எத்தனை நகல் என்பதில் நான்காம் கட்டத்தின் விஷயமே அடங்கியிருக்கிறது.

வெளியே, புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூன்றெழுத்துக்குப் புரதத்தின் ஒரு மணி, அதாவது ஓர் அமினோ அமிலம். ஏ-யூ-ஜி தொடக்கக் குறி, மெத்தியோனின். தொடர்ந்து வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம். இப்படிக் கோத்த சங்கிலிதான் மடிந்து புரதமாகிறது. நான்கு எழுத்தை மூன்று மூன்றாக அடுக்கினால் 64 குறிகள் வரும். அதில் 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று "நிறுத்து" என்பதற்கு. இந்தக் குறிகளை விடுவித்ததற்காக ஹர் கோவிந்த் கொரானா, நீரென்பெர்க், ஹோலி மூவருக்கும் 1968-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

மூன்றாம் கட்டம்: எழுத்தை மாற்றிப் பார்ப்பது

எல்லாக் கட்டத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். பேப்பரும் பென்சிலும் போதும்.

முதல் வரிசையின் கடைசி மூன்றெழுத்தை எடுங்கள்: சி-டி-சி. அதை சி-டி-டி ஆக்குங்கள். நகல் ஜி-ஏ-ஏ ஆகும். பள்ளிப் புத்தகத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறிகளின் அட்டவணையில் பார்த்தால் அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான். எழுத்து மாறியும் புரதம் மாறவில்லை. இப்படிச் சத்தமில்லாத மாற்றங்கள் நம் எல்லோரிடமும் உண்டு.

அடுத்து அதையே சி-ஏ-சி ஆக்குங்கள். நகல் ஜி-யூ-ஜி, அதாவது வாலின். ஒரே ஓர் எழுத்து, ஒரே ஓர் அமினோ அமிலம். இதுதான் அரிவாள் செல் ரத்தசோகை. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த எழுத்து வந்தால், ஆக்ஸிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளும். சிவப்பணு அரிவாள் போல் வளைந்து சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடையே.

மூன்றாவதாக ஏ-டி-சி ஆக்குங்கள். நகல் யூ-ஏ-ஜி. "நிறுத்து." சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

கடைசியாக, எதையும் மாற்றாமல், முதல் வரிசையின் நான்காம் எழுத்தான சி-யை மட்டும் அழித்துவிட்டு, மீதியை நெருக்கி மூன்று மூன்றாகப் பிரியுங்கள். நகல் இப்படி வரும்: ஏ-யூ-ஜி | யூ-ஜி-சி | ஏ-யூ-சி | யூ-ஜி-ஏ. மெத்தியோனின், சிஸ்டீன், ஐசோலூசின், அப்புறம் நிறுத்து. ஒரு எழுத்தை மாற்றுவதைவிட ஒன்றை விழுங்குவது எவ்வளவு பெரிய கலாட்டா என்று தானே தெரியும்.

இப்படி மாற்றம் எப்படி வருகிறது? பெரும்பாலும் செல் பிரியும்போது படி எடுப்பதில் நேரும் பிழையால். வெயிலின் புறஊதாக் கதிராலும் கதிர்வீச்சாலும்கூட. இங்கே மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிர்வீச்சுத் தாது இருப்பதால் இந்தக் கேள்வி நம் ஊரில் அடிக்கடி எழும். அதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் நொதிகள் ஓயாமல் வேலை செய்துகொண்டேயிருக்கின்றன.

நான்காம் கட்டம்: மரபணு விழித்துக்கொள்வதைப் பார்ப்பது

வாழையின் மரபணுத் தொகுதி 2012-ல் வெளியானது. அதில் சுமார் 36,500 புரத மரபணுக்கள். மனிதருக்கு ஏறக்குறைய 20,000. எண்ணிக்கையில் வாழை நம்மை முந்திவிட்டது. ஆனால் வேரிலும் இலையிலும் காயிலும் அதே 36,500-தான். கன்று வைத்துப் பயிரிடுவதால் தாய்வாழையிலும் கன்றிலும்கூட அதேதான். பிறகு எப்படி ஒரு நாள் பச்சையாக, துவர்ப்பாக இருந்த காய், சில நாளில் மஞ்சளாகி இனிக்கிறது? புதிதாக எந்த மரபணுவும் உள்ளே வரவில்லை. படிக்கப்படாமல் கிடந்தவற்றைச் செல் படிக்கத் தொடங்குகிறது.

ஒரே சீப்பிலிருந்து எடுத்த இரண்டு ஏத்தங்காய்களில் ஒன்றை வெளியே வையுங்கள். இன்னொன்றை ஒரு கனிந்த பழத்தோடு காகிதக் கவரில் போட்டு மடித்து வையுங்கள். (ஓணம் நெருங்கும் சமயத்தில் இதைச் செய்ய வேண்டாம், ஏத்தன் விலை எங்கோ போயிருக்கும்.) கவரில் இருப்பது நிறம் மாறியதும் இரண்டையும் குறுக்கே வெட்டி, வெட்டிய பரப்பில் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். வெளியே இருந்தது கருநீலமாகும். மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. கவரில் பழுத்ததில் நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

கனிந்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. காயின் செல்லில் அதை உணரும் புரதங்கள் உண்டு. அவை தகவல் கொடுத்ததும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் நொதிகள், செல்சுவரைத் தளர்த்தும் நொதிகள், இன்னும் எத்திலீன் தயாரிக்கும் நொதிகள் ஆகியவற்றின் மரபணுக்களிலிருந்து நகல்கள் மளமளவென்று வெளியேறுகின்றன. எத்திலீன் எத்திலீனை வளர்ப்பதால்தான் ஒன்று பழுத்தால் குலையே பழுக்கிறது. தாத்தா காலத்தில் குலையை அறையில் அடுக்கிப் புகை போட்டார்களே, புகையில் இருந்ததும் எத்திலீன்தான். இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் அதே வாயுவை அளவோடு விடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி பத்து லட்சத்தில் 100 பங்குவரை அனுமதி. கார்பைடுக் கல்லிலிருந்து வரும் அசிட்டிலீனும் எத்திலீனைப் போலவே காயைத் தூண்டும். ஆனால் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம் என்பதால் அதற்குத் தடை.

இன்னும் ஆர்வம் இருந்தால் மூன்றாவதாக ஒரு காயை பிரிட்ஜில், பழத்தோடு சேர்த்து, வைத்துப் பாருங்கள். அதே எத்திலீன், அதே மரபணுக்கள், ஆனால் குளிரில் காய் என்ன செய்கிறது என்று அயோடின் விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அயோடின் பட்ட துண்டுகளைக் குப்பையில் போடுங்கள், மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம். டம்ளரில் மீந்த ஸ்பிரிட்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள்.