திக்கிப் பேசுபவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

பெருங்கூட்டத்தின் முன் நின்றபோதோ நேர்முகத் தேர்வில் எதிர்பாராத கேள்வி வந்தபோதோ வாய் குழறிய அனுபவம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. அந்த நேரத்தில் நம் நெஞ்சு படபடத்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், ஒருவர் திக்கிப் பேசுவதைக் கேட்டவுடன் அவரும் அப்படித்தான் பதறிக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சரளமாகப் பேசுகிறவர்கள் தங்களுடைய தடுமாற்றத்தையே அளவுகோலாகக் கொண்டு பிறரை மதிப்பிடுவதால்தான், திக்குவாய் உள்ளவர்கள் கூச்சமும் பயமும் மிகுந்தவர்கள் என்ற எண்ணம் உருவாகிறது என 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை விளக்கியது. நாம் செய்யும் பிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறான கணிப்பிலிருந்தே கிளைப்பவை என்பது என் கருத்து.

திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியம் பேசத் தொடங்கும் பருவத்தில் தோன்றுகிறது. நூற்றில் ஏறத்தாழ 5 குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே நீங்கிவிட, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் நிலைத்து நிற்கிறது. மூளையில் பேச்சை இயக்கும் வலைப்பின்னல் வளரும் விதத்தோடும் மரபணுக்களோடும் தொடர்புடைய நிலை இது. சில குடும்பங்களில் இதற்குக் காரணமாகக் கருதப்படும் மரபணு மாற்றங்கள் 2010இல் கண்டறியப்பட்டன. குற்றம் நாக்கில்தான் இருக்கிறது என்று நம்பி, 1841இல் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் நோயாளிகளின் நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவத் துண்டை வெட்டியெடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. பதற்றம் திக்கலைக் கூட்டக்கூடும் என்பது உண்மையே. ஆனால் திக்குவாயைத் தோற்றுவிப்பது பதற்றம் அன்று. பல ஆண்டுகள் கேலிக்கும் அவசரப்படுத்தலுக்கும் ஆளான ஒருவர் பேசும்போது அஞ்சுகிறார் என்றால், அந்த அச்சம் திக்கலின் விளைவாக வந்து சேர்ந்தது.

இது புரியாததால்தான் "மெதுவாகப் பேசுங்கள்", "மூச்சை இழுத்து விடுங்கள்", "பதறாதீர்கள்" என்ற அறிவுரைகள் நம் வாயில் வந்துவிடுகின்றன. சொல்பவருக்கு இவை ஆறுதல் மொழிகள். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை கேட்டவருக்கோ, தாம் சொல்லவந்த செய்தியை எவரும் கேட்கவில்லை, தம் வாயை மட்டுமே கவனிக்கிறார்கள் என்ற அறிவிப்பு.

இதைவிடப் பரவலானது, பாதியில் நிற்கும் சொல்லை நாமே முடித்துவைப்பது. திக்குபவருக்குத் தாம் சொல்லவேண்டிய சொல் மிகத் தெளிவாகத் தெரியும். அதை ஒலியாக்கும் கணத்தில்தான் தடை நேர்கிறது. நம் ஊகம் தவறிவிட்டால் அவர் முதலில் அதை மறுத்துவிட்டு, பிறகு அதே கடினமான சொல்லை மறுபடியும் தொடங்கவேண்டும். ஊகம் சரியாகவே இருந்தாலும் அவருடைய வாக்கியத்தை நாம் எடுத்துக்கொண்டோம் என்பது மாறாது. உதவியே செய்யக்கூடாதா என்று கேட்கலாம். அவர் விரும்பிக் கேட்டால் செய்யலாம், கேட்காதபோது காத்திருக்கவேண்டும். ஒரு தடை பெரும்பாலும் சில விநாடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. அந்த விநாடிகளில் பரிதாபமாக முகத்தைச் சுளிக்காமலும், சங்கடப்பட்டுப் பார்வையைத் திருப்பாமலும், வழக்கமாக ஒருவரைக் கேட்பதுபோலக் கேட்டால் போதும். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால், மறுமுனையில் மௌனம் நிலவினால் இணைப்பு அறுந்ததாக எண்ணி உடனே துண்டித்துவிடாமல் சற்றுப் பொறுக்கவேண்டும்.

பெயர் கேட்கும் இடத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்றச் சொற்கள் சிக்கினால் அதே பொருள்தரும் வேறொன்றை வைத்துத் தப்பிக்கலாம். தன் பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது. அதனால் பலர் அதிகமாகத் திக்குவது பெயரைச் சொல்லும்போதுதான். அந்த நேரத்தில் "உங்கள் பெயரே மறந்துவிட்டதா?" என்று சிரிப்பவர் விளையாட்டாகத்தான் கேட்கிறார் என்றாலும், காதில் வாங்கியவர் அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்.

"நேற்று நன்றாகத்தானே பேசினீர்கள்?" என்ற கேள்வியில் ஐயம் ஒளிந்திருக்கிறது. நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் திக்கலின் அளவு மாறுவது இதன் இயல்பு. பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பெரும்பாலோருக்குத் திக்குவதே இல்லை. அவ்வாறே "இன்று திக்கவே இல்லையே!" என்ற பாராட்டும் தீங்கு செய்கிறது, திக்காமல் இருந்தால்தான் மதிப்பு என்று அது கற்பிக்கிறது. அப்படிக் கற்றவர்கள் சொற்களை மாற்றியும், தெரிந்த விடையைத் தெரியாது என்று சொல்லியும் தங்கள் திக்கலை மறைத்தே வாழ்கிறார்கள். ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டது இதனால்தான்: காதில் விழுவது மேல்நுனி, வெட்கமும் அச்சமும் நீருக்கடியில் இருக்கின்றன.

பெற்றோரிடம் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைக் காண்கிறோம். ஒரு சாரார் ஒவ்வொரு திக்கலையும் திருத்துகிறார்கள். 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 22 அநாதைக் குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையில், சில குழந்தைகளிடம் அவர்களுடைய பேச்சு குறையுள்ளது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்களில் சிலர் பேசவே தயங்கத் தொடங்கினர். 2001இல் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. மறுசாரார் அதைப் பற்றிப் பேசுவதே ஆகாது என்று வாய்மூடிவிடுகிறார்கள். குழந்தையோ வீட்டில் எவரும் உச்சரிக்கத் துணியாத ஏதோ ஓர் இழிவு தன்னிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. "சில நேரம் சொல் மாட்டிக்கொள்கிறது, இல்லையா? பரவாயில்லை, நீ சொல்லு" என்று இயல்பாகப் பேசுவதில் எந்தத் தீங்கும் இல்லை. பெற்றோர் வளர்ப்பால் திக்குவாய் வருவதில்லை என்பதால் அவர்கள் தங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். திக்கல் சில மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறெவருக்கேனும் இருந்தாலோ, தானே சரியாகிவிடும் என்று காத்திராமல் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டவேண்டும்.

வகுப்பில் உரக்க வாசிக்கும் முறை வரும்போது, இரக்கத்தால் அந்த ஒரு மாணவனை மட்டும் தாண்டிச் செல்லும் ஆசிரியர்களும் உண்டு. அவன் விடுபட்டதை வகுப்பு முழுவதும் கவனிக்கும். முதல் நாளே தனியே அழைத்து, வாசிக்க விரும்புகிறாயா, தனியாகவா, இன்னொருவனோடு சேர்ந்தா என்று அவனையே கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்கலாம்.