லைட்பாக்ஸ்: திறப்பது எளிது, மூடுவதைச் சரிபாருங்கள்

பக்கத்தில் உள்ள சிறு படத்தைத் தட்டினால் பின்னணி இருண்டு, படம் பெரிதாகி நடுவில் வந்து நிற்கும். இதற்கு லைட்பாக்ஸ் என்ற பெயர் பரவியது 2005இல் லோகேஷ் தாக்கர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலால். அப்போது பார்த்தவர்கள் கையில் மௌஸ் இருந்தது. இப்போது போன் இருக்கிறது. ஆகவே இதற்கான பிளகினை (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) தேர்ந்தெடுக்கும்போது டெமோ பக்கத்தை முதலில் போனில் திறந்து பாருங்கள்.

அதற்கும் முன் ஒரு கணக்கு. போன் திரையின் அகலம் சுமார் 390 சிஎஸ்எஸ் பிக்சல் (வலைப்பக்க வடிவமைப்பில் அளக்கும் அலகு). பக்கத்திலேயே படம் முழு அகலத்துக்கு நின்றால், லைட்பாக்ஸிலும் அதே 390தான் கிடைக்கும். இரு விரலால் பெரிதாக்க முடியாவிட்டால், தட்டியவருக்குக் கறுப்புப் பின்னணி தவிர எந்த லாபமும் இல்லை. பின்ச் ஜூம் இல்லாத பிளகினை அங்கேயே தள்ளிவிடலாம். போட்டோஸ்வைப் என்ற லைட்பாக்ஸ் நிரல் இதை நன்றாகச் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு படத்தின் அகல உயரத்தையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தவறான எண் கொடுத்தால் படம் இழுபட்டுத் தெரியும். வேர்ட்பிரஸ் தளத்தில் தனிப் படங்களுக்கு மட்டும் தேவையென்றால் பிளகினே வேண்டாம்: 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து, கிளிக் செய்தால் படம் விரியும் வசதி உள்ளேயே இருக்கிறது.

படத்தைத் தயார் செய்யும்போது நீண்ட பக்கம் 2000 பிக்சல், வெப்பி (கோப்பைச் சிறிதாக்கும் பட வகை) வடிவம், தரம் 75 முதல் 80 வரை வைத்தால் போதும். போனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினால் திறக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பல எம்பி இறங்கும். சிறு படத்தைச் சுற்றியுள்ள லிங்க் நேராகப் பெரிய படக் கோப்புக்கே போகட்டும். ஸ்கிரிப்ட் ஓடாமல் போனாலும் படமாவது திறக்கும். வேர்ட்பிரஸில் 'லைட்பாக்ஸ் வேலை செய்யவில்லை' என்ற புகாரை விசாரித்தால், பெரும்பாலும் லிங்க் மீடியா கோப்புக்குப் போகாமல் அந்தப் படத்துக்கென வேர்ட்பிரஸ் உருவாக்கும் தனிப் பக்கத்துக்கு (அட்டாச்மென்ட் பக்கம்) போய்க்கொண்டிருக்கும். படம் இரண்டு முறை திறந்தால் தளத்தின் தீமிலும் (வடிவமைப்புத் தொகுப்பு) ஒரு லைட்பாக்ஸ் இருக்கிறது என்று பொருள், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது மூடுமிடத்தில்தான். படம் திரையை நிறைத்ததும், புதுப் பக்கத்துக்கு வந்துவிட்டதாகவே பார்ப்பவர் நினைப்பார். திரும்பிப் போக பேக் பட்டனை அழுத்துவார். பிளகின் அதைக் கவனிக்காவிட்டால் படிப்பவர் கட்டுரையை விட்டே வெளியேறிவிடுவார். சொந்தமாக எழுதினால், திறக்கும்போது புஷ்ஸ்டேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் பிரவுசர் வரலாற்றில் ஒரு பதிவு சேருங்கள். பேக் அழுத்தியதும் பிரவுசர் தரும் பாப்ஸ்டேட் அறிவிப்பு வந்ததும் மூடுங்கள். பெருக்கல் குறியைத் தட்டி மூடினால் வரலாற்றில் அந்தப் பதிவிலிருந்தும் ஒரு படி பின்னே வர வேண்டும், இல்லையேல் பேக்கை இரண்டு முறை அழுத்த வேண்டிவரும். அடுத்த படத்துக்கு நகரும்போது புதுப் பதிவு கூடாது, இருக்கும் பதிவையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட் போதும். இதைத் தவறவிட்டால் 12 படம் பார்த்தவர் 12 முறை பேக் அழுத்துவார். திரை ஓரத்திலிருந்து ஸ்வைப் செய்வதும் பல போன்களில் பேக் சைகைதான். படத்தைத் தள்ளப்போய் ஓரத்தைத் தொட்டவர், பதிவு இருந்தால் லைட்பாக்ஸை மட்டும் மூடுவார்; பக்கம் பிழைக்கும்.

பேக் தவிர எஸ்கேப் விசை, இருண்ட பின்னணியைத் தட்டுவது, மூடும் பட்டன் ஆகிய மூன்றும் வேலை செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏற்ற தளத்துக்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்ச பட்டன் அளவு 24 பிக்சல். விரலுக்கு 44 வையுங்கள். வெள்ளைப் பெருக்கல் குறி வெள்ளைச் சுவர் படத்தின் மேல் காணாமல் போகும், அதற்கு அடியில் கறுப்பு வட்டம் போடுங்கள். ஐபோன் நாட்ச் (திரை மேலுள்ள கேமரா வெட்டு) பட்டனை மறைக்காமலிருக்க, சிஎஸ்எஸ்ஸின் சேஃப் ஏரியா இடைவெளியைச் சேருங்கள்.

சொந்தமாக எழுதுபவர்கள் பொதுப் பெட்டியான டிவ்வை விட்டு, மேலெழும் சாளரத்துக்கென்றே உள்ள ஹெச்டிஎம்எல் டயலாக் எலிமென்ட்டை எடுங்கள். 2022 மார்ச்சிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அதை ஷோமோடல் கட்டளை கொண்டு திறந்தால், பின்னால் உள்ள லிங்க்குகளுக்கு டேப் விசை போகாது, எஸ்கேப் மூடும், மூடியதும் ஃபோகஸ் (விசைப்பலகை நிற்குமிடம்) தட்டிய சிறு படத்துக்கே திரும்பும். ஒட்டிநிற்கும் மெனு படத்தின் மேல் ஏறிக்கொள்ளும் பிரச்சினையும் தீரும், ஏனெனில் அது எல்லா அடுக்குக்கும் மேலே வரையப்படுகிறது. பின்னணியைத் தட்டினால் மூடுவதை நீங்கள் எழுத வேண்டும். பின்னால் உள்ள பக்கம் ஸ்க்ரோல் ஆவதையும் டயலாக் தடுக்காது. அதைத் தடுக்க சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோவை ஹிடன் ஆக்கினால் விண்டோஸில் ஸ்க்ரோல்பார் மறைந்து பக்கம் ஒரு குலுக்கு குலுங்கும். ஸ்க்ரோல்பாருக்கு இடம் ஒதுக்கும் ஸ்க்ரோல்பார் கட்டரை ஸ்டேபிள் என்று வைத்தால் குலுங்காது.

சிறு படத்தின் ஆல்ட் உரை (திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் பட விளக்கம்) பெரிய படத்துக்கும் வர வேண்டும். பல பிளகின்கள் இதை விட்டுவிடுகின்றன, பார்வையற்றவருக்கு வெறும் கோப்புப் பெயர்தான் கேட்கும். கேப்ஷன் இரண்டு வரியைத் தாண்டினால் படத்தை விழுங்கும். அசைவைக் குறைக்கும்படி சாதனத்தில் அமைத்திருப்பவருக்கு அனிமேஷனை நிறுத்துங்கள். மற்றவர்களுக்கும் 200 மில்லிவினாடிக்கு மேல் வேண்டாம்.

கடைசியில் பிரவுசரின் டெவ்டூல்ஸில் (சோதனைக் கருவிகள்) நெட் வேகத்தை 3ஜிக்குக் குறைத்து ஒரு படத்தைத் தட்டுங்கள். பெரிய படம் வரும்வரை சிறு படமே விரிந்து நிற்க வேண்டும், மூடும் பட்டன் அந்த நொடியிலேயே தெரிய வேண்டும். அடுத்த படம், முந்தைய படம் இரண்டை மட்டும் முன்கூட்டியே இறக்கலாம். ஆல்பம் முழுவதையும் இறக்கும் பிளகின், பார்ப்பவரின் டேட்டாவைக் கேட்காமல் செலவழிக்கிறது.