லினன் வாங்கும்போது பருத்திப் பழக்கம் செய்யவைக்கும் தவறுகள்

விளக்குத்தூணையும் பத்துத்தூண் சந்தையும் சுற்றியே துணி எடுத்துப் பழகிய மதுரைக்காரர்களுக்குப் பருத்தியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுங்குடிச் சேலையின் முந்தானையை விரலிடையில் உருட்டியே நூலின் தரத்தைச் சொல்லிவிடுபவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த விரல்கள் லினனில் தவறிவிடும் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். லினன் காயிலிருந்து வெடிக்கும் பஞ்சு அன்று. ஆளிச்செடியின் தண்டுப் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நார். பருத்திக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல்களில் பல இதற்குப் பொருந்துவதில்லை.

முதல் தவறு நூல் எண்ணில் நேர்கிறது. கடைக்காரர் "அறுபது" என்றதும் நம் மனம் அறுபதாம் நம்பர் பருத்தி நூலின் மென்மையை நினைத்துக்கொள்கிறது. பருத்தியில் ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே நம்பர்; லினனில் எண்ணப்படும் 'லீ' என்ற அளவோ வெறும் 300 கெஜம். அதனால் 60 லீ நூல் பவுண்டுக்கு 18,000 கெஜமும், அறுபதாம் நம்பர் பருத்தி நூல் 50,400 கெஜமும் நீளும். கணக்குப் பார்த்தால் 60 லீ என்பது ஏறத்தாழ 21-ஆம் நம்பர் பருத்தி நூலின் பருமன். சேலைக் கடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் 100 கவுண்ட்டு (அதாவது 100 லீ) லினனும் 36-ஆம் நம்பரை ஒட்டியதே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அளவு முறைதான் வேறு. ஆகவே லினனை லினனோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, நூலில் ஆங்காங்கே தெரியும் தடிப்புகளைக் கண்டதும் அசல் என்று முடிவு செய்வது. நானும் இதில்தான் விழுந்தேன். ஒரு கடையில் திட்டுத் திட்டாகத் தடித்த நூலோடு இருந்த பேன்ட் துணியை லினன் என்று எடுத்துவந்து, வீட்டில் ஒரு நூலை உருவிக் கொளுத்தியும் பார்த்தேன். காகிதம் எரிவது போன்ற மணம், ஊதினால் பறக்கும் சாம்பல். மனம் நிறைந்துவிட்டது. தறி வேலை பார்த்து ஓய்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே துணியில் ஒரு நூலை உருவி, முறுக்கை அவிழ்த்து இழுத்து அறுத்துக் காட்டினார். "பஞ்சு மாதிரி பூத்திருச்சு பாருங்க தம்பி, நாரா இருந்தா முனை கூரா நிக்கும்" என்றார்.

எரித்துப் பார்க்கும் சோதனை பாலியஸ்டரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அது உருகிக் கெட்டியான கருமணியாகிவிடும். பருத்தியும் லினனும் ஒன்று போலவே எரிவதால், அவற்றுக்கிடையே அந்தச் சோதனை எதையும் சொல்லாது. தடிப்புகளையோ எந்த நூலிலும் இயந்திரத்தால் உண்டாக்கிவிடலாம். உண்மையான லினனிலும், நீண்ட நாரில் நூற்ற நல்ல நூலில் தடிப்பு குறைவாகவே இருக்கும்; எங்கு பார்த்தாலும் தடித்திருந்தால் குட்டை நார் கலந்த மலிவு நூல் என்று ஐயப்படலாம். துணியைக் கடை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். கட்டை விரலால் ஓர் இடத்தைச் சற்று நேரம் தேய்த்தால் குட்டை நார் பிசிறு கிளப்பும். வெண்மையான பொடி உதிர்ந்தால், விறைப்பு நாரால் வந்ததன்று, கஞ்சியால் வந்தது.

கசங்காத லினனைத் தேடுவது அடுத்த தவறு. லினன் நார் 2 அல்லது 3 விழுக்காடு நீண்டாலே அறுந்துவிடும் அளவுக்கு இழுவை குறைந்தது. மடித்தால் மடிப்பு தங்குவது அதன் இயல்பு. கையில் கசக்கி விட்ட துணி சுருக்கமே இல்லாமல் விரிந்தால், அதில் பாலியஸ்டர் கலந்திருக்க வேண்டும், அல்லது பிசின் பூச்சு ஏறியிருக்க வேண்டும். சித்திரை வெயிலுக்கென்று வாங்கும் சட்டையில் இரண்டும் வீண். லினன் நார் காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டரால் அரை விழுக்காடுகூட முடியாது. தொட்டால் குளிர்கிறதா என்று பார்ப்பவர்கள், குளிரூட்டிய கடைக்குள் எல்லாத் துணியும் குளிரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சேலை எடுப்பவர்கள் குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் சோதித்து நிறைவடைகிறார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பருத்தியாகவும் ஊடை லினனாகவும் நெய்த சேலைகள் தாராளமாக விற்கின்றன. அவை மட்டமானவை அல்ல, ஆனால் முழு லினன் விலைக்கு உரியவையும் அல்ல. 'லினன் பை லினன்', அதாவது பாவும் ஊடையும் லினனே, என்று கடைக்காரர் சொன்னால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு பாவு நூலையும் வெட்டிய ஓரத்திலிருந்து ஓர் ஊடை நூலையும் தனித்தனியே உருவி அறுத்துப் பார்க்க வேண்டும். சீட்டில் வெறுமனே 'லினன்' என்று போட்டிருந்தால் போதாது; எத்தனை விழுக்காடு என்பதைப் பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

தைக்கும் துணி என்றால், புதிய லினன் தண்ணீர் பட்டதும் சுருங்கக்கூடும் என்பதால், சற்றுக் கூடுதலாக எடுத்து, இரவு முழுவதும் நனைத்துக் காயவைத்த பின்னரே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும்.