அணில் வால், தட்டான் வால்: மொட்டைமாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

எங்கள் வீடு பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் பேத்தி பள்ளியில். "அணிலுக்கு நாலு கால், தட்டானுக்கு ஆறு" என்று எழுதி நோட்டை மூடப் போனவளை மாடிக்குக் கூட்டிப் போனேன். நீங்களும் பிள்ளைகளோடு இப்படிச் செய்யலாம்.

மழை விட்ட செப்டம்பர் காலை நல்லது. ஏழு மணிக்கு முதலில் அணில். தட்டானுக்கு வெயில் ஏறி உடம்பு சூடாக வேண்டும், அதனால் ஒன்பதுக்கு மேல் பாருங்கள். மஞ்சள் உடம்போடு தலைக்கு மேல் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் தட்டானின் அறிவியல் பெயர் பாண்டலா பிளாவசென்ஸ். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிற இனம். உட்கார்ந்தால் குச்சியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும். அப்போதுதான் கிட்டப் போக முடியும்.

எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டாம், வாலை மட்டும் எடுங்கள். எங்கள் முருங்கைக் கிளை நுனியில் அணில் ஓடும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் வால் மறுபக்கம் போகும். பூனையைக் கண்டு கத்தும்போது வாலும் சேர்ந்து வெட்டி வெட்டி இழுக்கும்.

தட்டானுக்கு நாம் வால் என்று சொல்வது வாலே இல்லை, வயிறு. சங்கிலி போல் பத்துக் கண்ணி. குடலும் இதயக் குழாயும் அதற்குள்தான் ஓடுகின்றன, ஓரங்களில் மூச்சுத் துளைகள். தொங்குகிற தட்டானை ஒரு முழ தூரத்தில் அசையாமல் நின்று பாருங்கள்: அந்த 'வால்' மெல்ல விம்மி அடங்கும். மூச்சு விடுகிறது! பேத்தி தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் நாங்கள் அதில்தான் நூல் கட்டிப் பறக்கவிட்டோம். இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இளமைப் பருவம். அணில் குட்டி நாரும் பஞ்சும் வைத்த கூட்டில் தாய்ப்பால் குடித்து வளரும். தட்டான் குஞ்சு மழைநீர்க் குட்டையில் கொசுப்புழுவைத் தின்று தானே வளரும்.

பக்கத்தின் தலைப்பில் ஊரும் தேதியும் எழுதுங்கள். டெல்லியிலிருந்து தம்பி மகன் அனுப்பிய படத்தில் அணிலின் முதுகில் ஐந்து கோடு. அது வேறு இனம். நம் பெங்களூர் அணிலுக்கு மூன்றுதான்.