பழைய ஆர்சி காரா, மறுவெளியீடா? வாங்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

1984-இல் டாமியா நிறுவனம் வெளியிட்ட ஹார்னெட் என்ற ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) பொம்மைக் காரின் பெட்டியையும், 2004-இல் அதே நிறுவனம் மறுபடி கொண்டுவந்த ஹார்னெட் பெட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே கறுப்புக் கார், அதே ஓவியம். இருபது வருட இடைவெளி இருக்கிறது என்று பெட்டியை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். ரிமோட் கார் சேகரிப்பில் பணம் வீணாகும் கதைகளில் பாதி இந்த ஒற்றுமையில்தான் தொடங்குகிறது. மீதிப் பாதி, வாங்கிய பிறகு நாமே செய்கிற வேலைகளால் வருகிறது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா, 1976-இல் போர்ஷே 934 மாடலோடு ஆர்சி கார் உலகத்துக்குள் வந்தது. 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சர், ரஃப் ரைடர். 1983-இல் ஃபிராக். 1984-இல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட். 1985-இல் ஹாட்ஷாட். இவற்றில் பெரும்பாலானவை பிறகு மறுவெளியீடாக வந்துவிட்டன: ஃபிராக் 2005-இல், ஹாட்ஷாட் 2007-இல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இல். அதனால் இன்று 'டாமியா ஹார்னெட், பழையது' என்று ஒருவர் விற்க வந்தால், எந்தப் பழையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2004-இல் வந்ததும் இப்போது பழையதுதானே!

இங்கே நடக்கும் முதல் தவறு, பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் ஆண்டை நம்புவது. பாகங்களின் உட்புறத்தில் 1984 என்று இருந்தால் அது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சை உருவாக்கிய ஆண்டு. பழைய அச்சிலேயே புதிதாக வார்க்கும்போது அந்த எண்ணும் அப்படியே வந்துவிடும். நானே ஒருமுறை இந்த எண்ணைக் காட்டிய விற்பனையாளரை நம்பி, மறுவெளியீட்டுக்கு அசலின் விலையைக் கொடுத்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டிருக்க வேண்டியது நான்தான்.

நம்ப வேண்டியது பெட்டியில் இருக்கும் ஐந்து இலக்க மாடல் எண்ணை. அசல் ஹார்னெட் 58045, 2004-இன் ஹார்னெட் 58336. ஃபிராக்குக்கு 58041, 58354. சாண்ட் ஸ்கார்ச்சருக்கு 58016, 58452. வாங்க நினைக்கும் மாடலுக்கு இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 'பிலிப்பைன்ஸ் தயாரிப்பு' என்று இருந்தால் எண்பதுகளின் அசல் இல்லை என்று முடிவு செய்துவிடலாம். அப்புறம் இன்னொன்று: பழைய பெட்டிக்குள் புதிய காரை வைத்து விற்பதும் நடக்கிறது. பெட்டியின் எண் சரியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கையேடு, ஸ்டிக்கர், மோட்டார் ஆகியவற்றின் படங்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பெயரிலும் குழப்பம் உண்டு. ரஃப் ரைடர் மறுவெளியீட்டில் 'பகி சாம்ப்' என்ற பெயரில் வந்தது. ஃபாக்ஸ் 'நோவாஃபாக்ஸ்' ஆனது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இவை கண்ணில் படாது.

இரண்டாவது தவறு, மறுவெளியீடு என்றாலே அச்சு அசல் நகல் என்று நினைப்பது. ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு விதம். ஹார்னெட் பெரும்பாலும் அப்படியே வந்தது. மான்ஸ்டர் பீட்டில் அப்படி இல்லை. 1986-இல் வந்த அசலில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் முனை அறுகோண வடிவில் இருக்கும். ஓட ஓட அது தேய்ந்து, உருண்டையாகி, சக்கரம் சுற்றாமல் வழுக்கும். ஃபிராக், பிளாக்ஃபுட் வைத்திருந்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 2015-இல் மான்ஸ்டர் பீட்டில் திரும்ப வந்தபோது தண்டு வேறு வடிவத்துக்கு மாறியிருந்தது. ஓட்டுகிறவருக்கு அது நல்ல செய்தி. அசலைப் பழுது பார்க்கப் பாகம் தேடுகிறவர் மட்டும் எது எதோடு பொருந்தும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கியோஷோ நிறுவனத்தின் ஸ்கார்பியன் (1982, மறுபடி 2014), ஆப்டிமா (1985, மறுபடி 2016) ஆகியவற்றிலும் இந்தக் கவனம் தேவை. தோற்றம் பழையது, உள்ளே பல பாகங்கள் புதிய வடிவமைப்பு.

இனி நான் மிகவும் வருத்தப்படும் விஷயம். அசலை வாங்கிய அன்றே பேட்டரியைப் போட்டு வாசலில் ஓட்டிப் பார்ப்பது. நாற்பது வருடம் ஆன பிளாஸ்டிக் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளுக்குள் வளையும் தன்மை போயிருக்கும். ஒரு சின்னக் கல்லில் மோதினால் முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறியும். டயர் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது ஒரே இடத்தில் நின்று தட்டையாகியிருக்கும். ஓட்டத்தான் வேண்டும் என்ற ஆசை இருந்தால் மறுவெளியீடு வாங்குங்கள். உடைந்தால் பாகம் கிடைக்கும், மனமும் உடையாது.

அசலைக் கொஞ்சமாவது ஓட்டியே தீருவேன் என்பவர்கள் மின்சாரப் பக்கம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலக் கார்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு சர்வோ (ரிமோட் சொல்வதற்கேற்ப அசையும் சிறு மோட்டார்), ஒரு உலோகத் தொடுமுனை, ஒரு ரெசிஸ்டர் (மின்தடை). அந்த ரெசிஸ்டர் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அதன்மேல் பாடியோ ஒயரோ உரசினால் உருகும். அந்த அமைப்பு நிக்கல் காட்மியம் பேட்டரியை நினைத்து வடிவமைத்தது. அதில் இன்றைய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மாட்டினால், மின்னழுத்தம் குறைந்ததும் நிறுத்த அதில் எதுவும் இல்லை. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி கெட்டுப்போகலாம், உப்பிப் போனால் ஆபத்தும்கூட. 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். மறுவெளியீட்டோடு வரும் எலக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலரிலும் லிப்போவுக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

காருக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை எரித்துவிடும் தவறு ஒன்றும் இருக்கிறது. எண்பதுகளின் சில ரிசீவர்களுக்குள்ளேயே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சர்க்யூட் இருந்தது. அதனால் 7.2 வோல்ட் பேட்டரி நேராக அதற்குள் போகும். அந்த ஒயரை அப்படியே ஒரு புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் செருகினால், ஐந்தாறு வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட ரிசீவராக இருந்தால், புகை வரும். இடையில் ஒரு சிறிய வோல்டேஜ் ரெகுலேட்டர் வையுங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கிரிஸ்டலோடு (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சிறு பாகம்) சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், உள்ளே பேட்டரி செல் மட்டும் இருக்கக் கூடாது. கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும்.

கழற்றும்போது: ஜப்பானியக் கார்களின் திருகுத் தலை நாம் வழக்கமாக வைத்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. வழுக்கித் தலை கெட்டுப்போகும். 'ஜிஸ்' (JIS, ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது திருகை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டிக்' என்று விழுந்ததை உணர்ந்த பிறகு வலப்பக்கம் முடுக்குங்கள். இல்லாவிட்டால் புது மரை வெட்டி, பிளாஸ்டிக் தூணையே பிளந்துவிடும். திருகு கழலாமல் இருக்க ஊற்றும் திரவம் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

சுத்தம் செய்கிறேன் என்று அசிட்டோன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சாண்ட் ஸ்கார்ச்சர் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாடியை அது கரைத்துவிடும். ஹார்னெட் போன்ற மெல்லிய லெக்சான் (ஒளி புகும் பிளாஸ்டிக்) பாடிக்குப் பெயின்ட் உட்பக்கம் இருக்கும். அந்தப் பழைய பெயின்டை எடுக்கப் போய்ப் பாடியையே இழந்தவர்கள் நிறைய. சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். முதல் சொந்தக்காரர் கோணலாக ஒட்டிய ஸ்டிக்கரை, கையால் அடித்த பெயின்டை, நான் எடுக்கவே மாட்டேன். ஒரு சிறுவன் எண்பதுகளில் ஒரு மாலையில் உட்கார்ந்து ஒட்டியது அது. புது ஸ்டிக்கர் தாள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அதை வாங்க முடியாது.

மறுவெளியீட்டை வாங்குபவர்கள் செய்யும் தவறு வேறு. ஹார்னெட்டில் பின்பக்கக் கியர்பாக்ஸ் முழுவதும் ஒரே துண்டாக மேலும் கீழும் ஆடும். அதனால் மேடு பள்ளத்தில் குதித்துக்கொண்டுதான் போகும். இன்றைய பந்தயக் கார் மாதிரி தரையைப் பிடிக்கவில்லை என்று குறைப்படுவதும், உடனே சக்திவாய்ந்த பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டிக் கியரை நொறுக்குவதும் வேண்டாம். கிட்டில் வரும், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதில் பால் பேரிங் போடுங்கள். செலவு குறைவு, வித்தியாசம் முதல் ஓட்டத்திலேயே தெரியும்.

கடைசியாக, லாபக் கணக்கு. பெட்டி பிரிக்காத அசலைப் பெரிய விலைக்கு வாங்கி, நாளை இன்னும் ஏறும் என்று காத்திருப்பவர்கள், மறுவெளியீடு எந்த வருடமும் வரலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓட்ட மட்டும் ஒரு கார் தேடியவர்கள் அன்றோடு அசலைத் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அதே மறுவெளியீடு அசலை வைத்திருப்பவருக்கு டயரும் பம்பரும் கொண்டுவருகிறது. நான் என் அசலில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைச் சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதியும் எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் எழுதிப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன். எனக்குப் பிறகு அந்தக் காரை வாங்குபவருக்கு எது 1984, எது 2004 என்று தெரிய வேண்டும்.